வகுப்பறையில் ஒரு ‘திருட்டு’: நேர்சாட்சிப் பயிற்சியை நடத்த முழுமையான வழிகாட்டி

தடயவியல், குற்றவியல், சட்டம் படிக்கும் மாணவர்களிடம் ‘கண்ணால் கண்ட சாட்சியும் தவறும்’ என்று பாடமாகச் சொன்னால் தலையாட்டுவார்கள். தனக்கு அப்படி நேராது என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் நினைத்துக்கொள்வார்கள். தான் பார்த்ததைத் தானே எழுதி, ஒரு வாரம் கழித்து வீடியோவோடு வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். அதற்கான பயிற்சி இது. முன்னறிவிப்பில்லாமல் வகுப்பில் ஒரு சிறு சம்பவத்தை நடத்தி, மாணவர்களையே சாட்சிகளாக்கி, வாக்குமூலம் வாங்கி, பலர் நடுவே ஆளை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு வரை கொண்டுபோவது.

புதிதாக நடத்துபவர்கள் நாடகத்துக்கு இரண்டு வாரம் ஒத்திகை பார்ப்பார்கள். கேள்வித்தாளை அன்று காலையில் அவசரமாக எழுதுவார்கள். நாடகம் சுமாராக இருந்தாலும் பயிற்சி தேறிவிடும். நாடகத்துக்குப் பிறகு செய்யும் வேலைகளின் வரிசை பிசகினால் தேறாது. கைரேகை படிந்த டம்ளரைத் துடைத்து வைத்துவிட்டு, பிறகு பவுடர் தூவி என்ன பயன்? நினைவும் அப்படித்தான். முதல் முறை கேட்பதிலேயே பாதி துடைபட்டுவிடும்.

30 முதல் 60 மாணவர்கள் இருந்தால் போதும். முதல் நாள் ஒரு மணி நேர வகுப்பு ஒன்று, ஏழு நாள் கழித்து இன்னொன்று.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

முதல்வரின் அனுமதி எழுத்தில் வேண்டும். வாய்மொழி அனுமதி போதாது. யாராவது பதறிப்போய் 100க்கோ 112க்கோ அழைத்துவிட்டால் உங்களிடம் காட்டக் காகிதம் இருக்க வேண்டும். காவலாளி, பக்கத்து வகுப்பு ஆசிரியர், அலுவலகம் ஆகிய மூவருக்கும் நாளும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர்களின் ஒப்புதலைப் பருவத்தின் தொடக்கத்திலேயே பொதுவாக வாங்கிவிடுங்கள்: ‘இந்தப் பருவத்தில் முன்னறிவிப்பில்லாமல் ஒரு பயிற்சி நடக்கலாம். வேண்டாம் என்பவர்கள் தனியாக வந்து சொல்லுங்கள்.’ இரண்டு மாதம் போனதும் எல்லாரும் மறந்துவிடுவார்கள். வேண்டாம் என்றவரை அன்று நூலகத்துக்கு ஒரு வேலையாக அனுப்பிவிடலாம்.

ஆள் கணக்கு: நடிக்க இருவர், வாசலுக்கு வெளியே ஒருவர், பின்னால் அணிவகுப்பு நடத்த ஒருவர். நடிப்பவர்களை மாணவர்கள் இதற்குமுன் பார்த்திருக்கக் கூடாது. அணிவகுப்பு நடத்துபவர் நடித்தவர்களைப் பார்த்திருக்கவே கூடாது. அதன் காரணம் 8ஆம் படியில் வருகிறது. இந்த ஆளை இப்போதே ஏற்பாடு செய்யாவிட்டால் கடைசியில் நீங்களே நடத்த வேண்டிவரும், அது ஆகாது.

கத்தி, துப்பாக்கி, அடிதடி, பெண்ணிடம் அத்துமீறல், சாதி மதப் பேச்சு எதுவும் காட்சியில் வேண்டாம். ஆயுதத்தைக் கண்டால் சாட்சியின் கண் ஆயுதத்திலேயே நிலைகுத்தி, முகத்தைத் தவறவிடும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். அதை வகுப்பில் நிரூபிக்கப் போய் யாராவது மயங்கி விழுந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

2. காட்சியை எழுதுதல்

முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி. அதற்கு மேல் போனால் மாணவர்கள் நாடகம் என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

நான் பயன்படுத்தும் காட்சி இது. பாடம் தொடங்கி இருபது நிமிடம் கழித்து ஒருவர் முன்வாசல் வழியாக வருகிறார். இடது கையில் ஹெல்மெட், தலையில் தொப்பி. “சார், புரொஜக்டர் கேபிள் எடுக்கச் சொன்னாங்க” என்கிறார். நான் கையைக் காட்டி நிற்கச் சொல்கிறேன். அவர் மேஜைப் பக்கம் திரும்பும்போது ஹெல்மெட் பட்டு எவர்சில்வர் பாட்டில் விழுகிறது. பிறகு மேஜையில் இருக்கும் கறுப்புப் பையை எடுக்கிறார். வாசலில் இன்னொருவர் “வா, வா” என்கிறார். இருவரும் போய்விடுகிறார்கள்.

இதை எழுதும்போதே உண்மைப் பட்டியலையும் எழுதிவிடுங்கள். பதினைந்து விவரம் போதும்: எந்தக் கையில் ஹெல்மெட், பாட்டில் விழுந்தது பையை எடுப்பதற்கு முன்பா பின்பா, சொன்ன வார்த்தை என்ன, வெளியே நின்றவர் உள்ளே காலடி வைத்தாரா என்பது போல. மையமானவை சில, ஓரமானவை சில, முன்பின் வரிசை சில என்று கலந்திருக்கட்டும். எல்லாமே ஓரமான விவரமாக இருந்தால், ‘இதையெல்லாம் யார் சார் கவனிப்பா?’ என்று மாணவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், அதில் நியாயமும் உண்டு.

காட்சியில் இல்லாத ஒரு பொருளையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வந்தவர் தோளில் துண்டு கிடையாது. அந்தத் துண்டு பிறகு உங்களுக்கு வேலை செய்யும்.

தொப்பி அலங்காரத்துக்கு இல்லை. முகத்தை அடையாளம் காண்பதில் முடியும் நெற்றி விளிம்பும் பெரிய துணை. அவை மறைந்தால் அடையாளம் காட்டுவது கடினமாகும். அணிவகுப்பில் தொப்பி இல்லாத படத்தைக் காட்டும்போது இது தெரியும்.

3. கேமராவும் டேப்பும்

கைபேசி கேமரா இரண்டை வையுங்கள். ஒன்று பின்வரிசை மாணவரின் கண் மட்டத்தில், மற்றொன்று நடுவரிசைப் பக்கவாட்டில். கூரையிலுள்ள சிசிடிவியை மட்டும் நம்புவது புதியவர்கள் செய்யும் தவறு. அது மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கும். எந்த மாணவருக்கும் அந்தப் பார்வை கிடைக்காது. சாட்சிக்குத் தெரிய வாய்ப்பே இல்லாததைச் சொல்லவில்லை என்று மதிப்பெண் குறைத்தால் அது அநியாயம்.

முந்தின நாள் மாலை அளவு டேப் எடுத்து மேஜையிலிருந்து ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துவையுங்கள். மறுநாள் மாணவர்கள் சொல்லும் தூரத்தோடு ஒப்பிட அது வேண்டும்.

4. சம்பவம் முடிந்த முதல் ஒரு நிமிடம்

நடித்தவர்கள் வாசலைத் தாண்டிய உடனே, பத்து விநாடிக்குள், “இது பயிற்சி. பாதுகாப்பாகத்தான் இருக்கிறோம். யாரும் எழுந்திருக்க வேண்டாம்” என்று சொல்லுங்கள்.

கொஞ்ச நேரம் உண்மை என்றே நம்பவிட்டால் பதற்றம் இயல்பாக இருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் ‘திருடனை’ துரத்திக்கொண்டு ஓடி, படிக்கட்டில் சறுக்கி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டான். வாசலுக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டும் என்ற விதி அன்றிலிருந்து வந்தது.

அறிவித்த மறுகணம் கைபேசிகளை மேஜையில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் தாளை விநியோகிப்பதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘சிவப்பு சட்டைடா’ என்று ஒருவர் போட்டிருப்பார். அதன்பின் அறுபது சாட்சிகள் இல்லை. ஒரே சாட்சியின் அறுபது நகல்கள்தான் உங்களிடம் இருக்கும்.

இது மிகைப்படுத்தல் இல்லை. 2003இல் கேபர்ட், மெமான், ஆலன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரே சம்பவத்தின் வேறு வேறு கோணப் பதிவுகளை இருவருக்குத் தனித்தனியாகக் காட்டினார்கள். இருவரும் ஒன்றையே பார்த்ததாக நம்பினார்கள். கலந்து பேசியவர்களில் 71 சதவீதம் பேர், தாம் பார்த்திருக்கவே முடியாத விவரம் ஒன்றையாவது தாம் கண்டதாகச் சொன்னார்கள்.

5. வெற்றுத்தாள்: எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான்

ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள். தலைப்பு, கட்டம், ‘சட்டை நிறம்: ____’ எதுவும் அதில் இருக்கக் கூடாது. கட்டம் இருந்தால் அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று மனம் ஊகத்தை இழுத்துவந்து போடும். கட்டத்தில் இல்லாததை எழுதாமலே விட்டுவிடும்.

நான் சொல்லும் வார்த்தைகள் இவ்வளவுதான்: “கண்ணை மூடி, எங்கே உட்கார்ந்திருந்தீங்க, என்ன எழுதிட்டிருந்தீங்க, என்ன சத்தம் கேட்டதுன்னு முதல்ல மனசுல கொண்டுவாங்க. பிறகு நினைவுக்கு வர்ற எல்லாத்தையும் எழுதுங்க. அற்பம்னு தோணினாலும் எழுதுங்க. தெரியாததைத் தெரியலைன்னு விடுங்க. ஊகிக்காதீங்க.” சூழலை மனதில் திரும்பக் கொண்டுவருவது, எதையும் வடிகட்டாமல் சொல்வது ஆகிய இரண்டும் 1980களில் ஃபிஷரும் கைசல்மேனும் வகுத்த அறிவாற்றல் நேர்காணல் முறையிலிருந்து எடுத்தவை. அந்த முறையில் சம்பவத்தைப் பின்னாலிருந்து முன்னாகச் சொல்லச் சொல்வதும் உண்டு. நேரமிருந்தால் தாளின் பின்பக்கத்தில் அதைச் செய்யச் சொல்லுங்கள். பாட்டில் எப்போது விழுந்தது என்பதில் சிலர் அங்கேதான் முழிப்பார்கள்.

பத்து நிமிடம் விடுங்கள். மூன்றாவது நிமிடத்திலேயே பாதிப் பேர் பேனாவை மூடிவிடுவார்கள். தாளை வாங்கிவிடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இன்னும் இரண்டு வரி வரும்.

உங்கள் மொழியிலேயே எழுதுங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஓடுன மாதிரி இருந்துச்சு’ என்று மனதில் இருப்பதை, தாள் என்றதும் ‘மேற்படி நபர் ஓடினார்’ என்று எழுதுகிறார்கள். அந்த ‘மாதிரி’யில்தான் சாட்சியின் சந்தேகம் இருந்தது. எழுத்துத் தமிழுக்கு மாற்றியதில் அது உதிர்ந்துவிட்டது. காவல் நிலையத்தில் சாட்சி வட்டார வழக்கில் சொல்ல, எழுதுபவர் வாக்குமூல நடையில் எழுதும்போதும் இதே உதிர்வு நடக்கிறது. அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடுவதும் இல்லை. சட்டமே அதைத் தடுக்கிறது.

6. பார்வை நிலைமைத் தாள்

வெற்றுத்தாளை வாங்கியபின் இரண்டாவது தாள். இது ஆளைப் பற்றியது இல்லை, சாட்சி எப்படிப் பார்த்தார் என்பதைப் பற்றியது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, முன்னால் மறைத்தது என்ன, வந்தவரை முன்பே தெரியுமா, கவனித்ததற்குத் தனிக் காரணம் உண்டா. ஆள் அடையாளச் சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்பது பற்றி இங்கிலாந்தில் 1976இல் வந்த டர்ன்புல் தீர்ப்பை ஒட்டி அந்நாட்டுக் காவல்துறை கேட்கும் கேள்விகளின் சாரம் இது.

நேரத்தை விநாடியில் கேளுங்கள். ‘ரெண்டு நிமிஷம்’, ‘ஒரு அஞ்சு நிமிஷம்’ என்பவை தமிழில் அளவே கிடையாது, பேச்சு வழக்கு. விநாடியில் கேட்டாலும் நாற்பது விநாடியைப் பலரும் நீட்டித்தான் சொல்வார்கள்.

7. கேள்வித்தாள்: பிழை நுழையும் வாசல்

இங்கேதான் அதிக நேரம் செலவிடுங்கள். ஒரே கேள்விகள், இரண்டு வடிவம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு வடிவம் போகும்படி கலந்து கொடுங்கள். வலது பக்கத்துக்கு ஒன்று, இடது பக்கத்துக்கு ஒன்று என்று கொடுத்தால், பின்னால் வரும் வேறுபாடு கேள்வியால் வந்ததா உட்கார்ந்த இடத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது.

அ வடிவம்: ‘பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியபோது மேஜைக்கும் வாசலுக்கும் இடையே எத்தனை விநாடி ஆனது?’
ஆ வடிவம்: ‘பையை எடுத்துக்கொண்டு போனபோது மேஜைக்கும் வாசலுக்கும் இடையே எத்தனை விநாடி ஆனது?’

உளவியலாளர்கள் லாஃப்டஸும் பால்மரும் 1974இல் செய்த ஆய்வின் தழுவல் இது. கார் மோதல் படத்தைப் பார்த்த 45 மாணவர்களில், கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்குச் சுமார் 41 மைல் என்றார்கள். ‘தொட்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். படம் ஒன்றே, வினைச்சொல்தான் வேறு.

துண்டு இப்போது வருகிறது. அ வடிவத்தில் மட்டும் ‘அவர் தோளில் கிடந்த துண்டின் நிறம் என்ன?’ என்று ஒரு கேள்வி. ஆ வடிவத்தில் துண்டுப் பேச்சே கிடையாது. 1975இல் லாஃப்டஸ், படத்தில் இல்லாத ஒரு களஞ்சியக் கொட்டகையைக் கேள்விக்குள் செருகினார். ஒரு வாரம் கழித்து அந்தக் குழுவில் 17.3 சதவீதம் பேர் கொட்டகையைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படிக் கேட்கப்படாத குழுவில் 2.7 சதவீதம்தான்.

மற்ற கேள்விகள் எல்லாம் நடுநிலையாக இருக்க வேண்டும். தமிழில் அது லேசான காரியம் இல்லை. ‘அவன் என்ன எடுத்தான்?’ என்று கேட்ட மாத்திரத்தில், வந்தது ஓர் ஆண், ஒருவர்தான், மரியாதைக்குரியவர் இல்லை என்று மூன்று தகவலைச் சாட்சிக்குக் கொடுத்துவிட்டீர்கள். நம் வினைமுற்றிலேயே பாலும் எண்ணும் ஒட்டியிருக்கிறது. ‘உள்ளே வந்தது யார், எத்தனை பேர்?’ என்று தொடங்குங்கள். பதில் வந்தபின் ‘வந்த நபர்’ என்று தொடருங்கள்.

‘அந்த’வும் ஆபத்தானது. ‘அந்தக் கண்ணாடியைப் பார்த்தீங்களா?’ என்றால் கண்ணாடி இருந்தது உறுதி என்றாகிவிடும். ‘முகத்தில் ஏதாவது அணிந்திருந்தாரா?’ என்பது திறந்த கேள்வி. ‘தானே’யைத் தாளிலிருந்தே துரத்திவிடுங்கள். ‘சிவப்புச் சட்டைதானே?’ என்பதற்கு ஆசிரியரிடம் ‘இல்லை சார்’ என்று சொல்ல நம் பிள்ளைகள் வளர்க்கப்படவில்லை. பதிலை உள்ளே வைத்துக் கேட்கும் இப்படிப்பட்ட கேள்விகளை, சாட்சியை அழைத்த தரப்பே நீதிமன்றத்தில் நடத்தும் முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம்.

ஆள் அடையாளம் கேட்டால் வகுப்பே ஒரே குரலில் ‘மாநிறம், நடுத்தர உயரம், நடுத்தர உடம்பு’ என்று எழுதும். இதை வைத்து ஒரு பேருந்து நிலையத்தில் பாதிப் பேரைக் கைது செய்யலாம். ‘கதவின் நிலைச்சட்டத்தில் அவர் தலை எந்த இடத்தில் வந்தது?’ என்று கேளுங்கள். ஒப்பிட நிலையான பொருள் கிடைத்தால் பதில் கூர்மையாகும். பிறகு கதவையே அளந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் 0 முதல் 100 வரை உறுதி எண் போடச் சொல்லுங்கள். தாளை வாங்கியபின், வீடியோ வேண்டும் என்று கெஞ்சுவார்கள். காட்டாதீர்கள்.

8. ஏழு நாள் கழித்து: மறுகேள்வியும் அணிவகுப்பும்

முதலில் ஐந்தே கேள்வி கொண்ட சிறு தாள், இம்முறை எல்லாருக்கும் ஒரே வடிவம். அதில் ஒன்று: ‘வந்த நபரின் தோளில் துணி எதுவும் பார்த்தீர்களா? ஆம் / இல்லை.’ அ வடிவத்தவர்களில் எத்தனை பேர் ‘ஆம்’ என்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

அடுத்து அணிவகுப்பு. ஆறு படம் கொண்ட இரண்டு தொகுப்புகள். ஒன்றில் நடித்தவர் இருப்பார், மற்றதில் இருக்க மாட்டார். இரண்டாவது தொகுப்பைத் தயாரிக்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஆள் எப்போதும் இருப்பார் என்றால், தவறான ஆளைக் காட்டும் அபாயத்தை அளக்க வழியே இல்லை.

மற்ற ஐவர் வெற்றுத்தாள்களில் வந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். மீசை என்று எல்லாரும் எழுதியிருக்க, ஒருவருக்கு மட்டும் மீசை இருந்தால் அது அணிவகுப்பே இல்லை. ஒப்புதல் தந்த வேறு ஊர் நண்பர்களின் படங்களை, ஒரே பின்னணியில் எடுத்துப் பயன்படுத்துங்கள். இணையத்தில் கிடைக்கும் முகங்களை எடுக்க வேண்டாம்; ‘குற்றவாளி’ என்று யாரோ ஒருவரின் படத்தைச் சுட்டிக்காட்டுவது விளையாட்டு இல்லை.

நடத்துபவருக்கு யார் நடித்தார் என்று தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால், வாய் பேசாவிட்டாலும் மூன்றாம் எண்ணுக்கு வரும்போது கண் பேசிவிடும். மாணவர்கள் ஒவ்வொருவராகத் தனியறைக்கு வரட்டும். சொல்ல வேண்டியது: “அவர் இதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள்.” தேர்ந்தெடுத்ததும் உறுதி எண்ணை அங்கேயே எழுதி வாங்க வேண்டும். ‘சரி’, ‘நல்லது’ என்றுகூடச் சொல்லக் கூடாது. 1998இல் வெல்ஸும் பிராட்ஃபீல்டும் ஆள் இல்லாத தொகுப்பைக் காட்டி, தவறாக ஒருவரைச் சுட்டியவர்களில் சிலரிடம் ‘சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்’ என்றார்கள். அதைக் கேட்டவர்களின் உறுதி உயர்ந்ததோடு நிற்கவில்லை. சம்பவத்தை நன்றாகப் பார்த்ததாகவும் கவனமாக இருந்ததாகவும்கூடச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஒரே ஆளை இரண்டு முறை காட்டாதீர்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் ரொனால்ட் காட்டன் என்பவர் படத் தொகுப்பிலும் இருந்தார், பிறகு நேர் அணிவகுப்பிலும் இருந்தார். இரண்டிலும் இருந்தது அவர் ஒருவர்தான். பாதிக்கப்பட்டவர் முழு நம்பிக்கையோடு அவரை அடையாளம் காட்டினார். 1995இல் டி.என்.ஏ. சோதனை வேறொருவரைக் காட்டும்வரை, பத்து ஆண்டுகளுக்கு மேல் காட்டன் சிறையில் இருந்தார்.

நம் நாட்டில் அணிவகுப்பு தனித்து நிற்கும் சான்று கிடையாது. நீதிமன்றத்தில் சாட்சி காட்டும் அடையாளத்துக்கு அது வலுச் சேர்க்கும், அவ்வளவே. அதற்கு முன்பே படம் நாளிதழிலோ கைபேசியிலோ பரவியிருந்தால் அந்த வலுவும் போய்விடும்.

9. மதிப்பிடுதல்

மூன்று நிறப் பேனா. சரியாகச் சொன்னது, தவறாகச் சொன்னது, சொல்லாமல் விட்டது. கடைசி இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள். சொல்லாமல் விட்ட சாட்சியால் வழக்கு மெலியும். தவறாகச் சொன்ன சாட்சியால் வேறொருவர் உள்ளே போவார்.

வெற்றுத்தாளையும் கேள்வித்தாளையும் தனித்தனியாக எண்ணுங்கள். வெற்றுத்தாளில் விவரம் குறைவாகவும் பிழையும் குறைவாகவும் இருக்கும். கேள்வித்தாளில் விவரம் கூடும், கூடவே பிழையும் கூடும். பெயர் சொல்லி மதிப்பெண் வாசிக்காதீர்கள், எண் போதும்.

‘சாட்சி என்றாலே நம்பக்கூடாது’ என்ற முடிவுக்கு வகுப்பு தாவும். தடுத்து நிறுத்துங்கள். முறையாக நடத்திய முதல் அணிவகுப்பில், அந்தக் கணத்தில் சாட்சி தரும் உயர்ந்த உறுதி பயனுள்ள தகவல்தான் என்று 2017இல் விக்ஸ்டெடும் வெல்ஸும் வாதிட்டார்கள். மாதங்கள் கழித்து, பலமுறை சொல்லிச் சொல்லி, கூண்டில் ஏறி நிற்கும்போது வரும் உறுதிக்கு அந்த மதிப்பு இல்லை.

சென்னை மாநிலத்திலிருந்து போன வடிவேலுத் தேவர் வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது: முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர். முதல் வகை ஒருவர் இருந்தாலே தீர்ப்புச் சொல்லலாம். மூன்றாம் வகைக்குத்தான் வேறு சான்றின் துணை தேட வேண்டும். தங்கள் வெற்றுத்தாள் எந்த வகை என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மூன்றாவது என்று எழுதுவார்கள்.

10. வீடியோவைக் கடைசியில் போடுங்கள்

எல்லாத் தாளும் கைக்கு வந்தபின்தான் வீடியோ. பார்த்த நிமிடத்திலிருந்து அதுவே அவர்கள் நினைவாகிவிடும். ‘எனக்கு அப்பவே தெரியும் சார்’ என்பார்கள், பொய் சொல்கிறோம் என்று அறியாமலேயே. அப்போது அவரவர் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

பிறகு நடித்தவர்களை உள்ளே அழைத்து அறிமுகப்படுத்துங்கள். துண்டின் நிறத்தைப் பச்சை என்று 90 உறுதியோடு எழுதிய பெண் ஒருத்தி, வீடியோவை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இது வேற நாள் எடுத்தது சார்” என்றாள். இதற்குத் தயாராக இருங்கள், சிரிக்காதீர்கள். இரண்டாவது கேமராவின் பதிவு இந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

தாள்களில் உள்ள பெயர்களைக் கிழித்து அப்புறப்படுத்துங்கள், அணிவகுப்புப் படங்களை அழித்துவிடுங்கள். சீனியர்கள் ஹாஸ்டலில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள், ஆகவே அடுத்த ஆண்டுக்கு வேறு ஆள், வேறு காட்சி. துண்டையும் மாற்றிவிடுங்கள்.